ஒளி வளைவதை நடத்த ஆம்பூர் போன கதை

ஆம்பூருக்கு எல்லோரும் பிரியாணி சாப்பிடப் போவார்கள். நான் நேற்று, சனிக்கிழமை, எனக்கே புரியாத பாடத்தை நடத்திக் காட்டப் போனேன். இருபது வருடமாக இயற்பியல் டீச்சர். எங்கள் பள்ளியில் மேல்நிலைப் பிரிவையே மூடிவிட்டார்கள். ஆம்பூர்ப் பள்ளியில் வேலை கிடைக்காவிட்டால் வீட்டோடு உட்கார வேண்டியதுதான். மதியம் இரண்டரைக்கு மாதிரி வகுப்பு. அவர்கள் கொடுத்த தலைப்பு: ஈர்ப்பு ஒளியை எப்படி வளைக்கிறது?

வேலூர் புதிய பஸ் ஸ்டாண்டில் 9.10க்கு பஸ். ஐம்பது கிலோமீட்டர், ஐம்பது ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். (இடது பக்கம் உட்காராதீர்கள், காலை வெயில் கழுத்தில் அடிக்கும்.) வழியெல்லாம் நோட்டைப் புரட்டினேன். சூரியனை உரசிக்கொண்டு வரும் நட்சத்திர ஒளி வளைகிறது. அதனால் முழு கிரகணத்தின்போது அந்த நட்சத்திரம் கொஞ்சம் இடம் மாறித் தெரிகிறது. சரி. ஆனால் நிறையே இல்லாத ஒளியில் எதைப் பிடித்து இழுக்கிறது சூரியன்? பள்ளிகொண்டா தாண்டியும் குழப்பம் தீரவில்லை.

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு ஆட்டோக்காரர் எண்பது ரூபாய் கேட்டார்.

"தூரம் கம்மிதானே?"

"தூரம் கம்மி, டிராஃபிக் ஜாஸ்திம்மா."

இறங்கியது கல்லூரித் தோழி மெர்சி வீட்டில். ஷூ கம்பெனிகளுக்கு டிசைன் வெட்டிக் கொடுக்கிறவள். மேசைமேல் லாஸ்ட், அதாவது பாதம் போலவே இருக்கும் பிளாஸ்டிக் அச்சு. அதைக் காகித டேப்பால் மூடியிருந்தாள். என் புலம்பலைக் கேட்டுச் சிரித்தாள்.

"இன்னாடி, இதுக்கா அழுவுற?"

ஒரு நூலை லாஸ்ட்டின் மூக்கிலிருந்து குதிகால்வரை பக்கவாட்டில் இறுக்கிப் பிடித்து, அதை ஒட்டியே பேனாவால் கோடு போட்டாள். பிறகு டேப்பை உரித்து, ஓரங்களில் வெட்டுக் கொடுத்து, அட்டையில் தட்டையாக ஒட்டினாள். கோடு வில்லாக வளைந்திருந்தது.

"யாருடி இழுத்தா இத?" என்றாள்.

"யாரும் இழுக்கல. நீ நேராத்தான் போட்ட."

"அவ்ளோதான். புதுசா வர்றவங்க அட்டையில ஸ்கேல் வெச்சு நேர்க்கோடு போட்டுட்டு, ஷூவுல கோணிக்கிச்சேன்னு பேஜாராவாங்க."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. சூரியன் ஒளியைப் பிடித்து இழுக்கவில்லை. தன்னைச் சுற்றியுள்ள இடத்தையும் காலத்தையும் வளைக்கிறது; ஒளி தன்னளவில் நேராகத்தான் போகிறது. 'காலத்தையும்' என்பதை மட்டும் அப்போதும் என்னால் விழுங்க முடியவில்லை. லாஸ்ட்டையும் அட்டையையும் கடன் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

வகுப்பில் முதல் இருபது நிமிடம் ஜோர். பின்னால் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியைகூடத் தலையாட்டினார். அப்போது ஒரு மாணவி எழுந்தாள்.

"மிஸ், லாஸ்ட் வளைஞ்சிருக்கிறத நாம வெளியில நின்னு பாக்குறோம். இடமே வளையுதுன்னா, அது வளையறதுக்கு வெளிய இன்னொரு இடம் வேணாமா?"

ஏதாவது அளந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். "தெரியலம்மா," என்றேன். வேலை போச்சு என்று அங்கேயே முடிவுகட்டிவிட்டேன். அவமானத்தில் கண் கலங்கியது.

போகிறவர்களுக்கு: பிரியாணிக் கடைக்குப் பன்னிரண்டு மணிக்கே போய்விடுங்கள், அப்புறம் உட்கார இடம் கிடைக்காது. திரும்பும்போது 4.40 பஸ்ஸில் கூட்டம் கம்மி. அதில்தான் வந்தேன். மாதனூர் தாண்டும்போது தலைமையாசிரியை போன் செய்தார்.

"திங்கக்கிழமையே வந்துடுங்க மிஸ். 9.20க்கு முதல் பீரியட், அதே க்ளாஸ்தான். அந்தப் பொண்ணு பதிலுக்கு வெயிட் பண்றா. நானும்தான்."

பஸ்ஸிலேயே அழுதேன், சந்தோஷத்தில். இன்று காலையிலிருந்து மறுபடி குழப்பம். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது பதில் தெரிந்தால் கீழே எழுதுங்கள். நாளை காலை 9.20க்கு முன்னால் வேண்டும்.