நாக்கைத் தொட்ட விரல்

கலியாணசுந்தரத்தின் வீட்டில் விரலை நாக்கில் தொடாமல் யாருக்கும் இழை முறுக்க வராது. தறியில் பாவு நூல் அறுந்தால் விரல் தானாக வாய்க்குப் போய், ஈரத்தோடு திரும்பி வந்து, இரண்டு நுனியையும் சேர்த்துவிடும். இளைய மகள் காயத்ரி நடக்கப் பழகுமுன் இதைப் பழகியிருப்பாள் போல.

அந்தக் காயத்ரி போயும் போயும் அணு மருத்துவத் தொழில்நுட்பம் படித்தாள். பெரிய காஞ்சிபுரத்தில் தெருவே வாயைப் பிளந்தது. "அணுகுண்டு வேலையாமே? நாளைக்குப் புள்ள குட்டி பொறக்க வேணாமா?" என்று எதிர்வீட்டுக் கமலாட்சி நேராகவே கேட்டாள். நோயாளிக்குக் கொஞ்சம் கதிர்வீச்சு மருந்து ஏற்றி, நோய் எங்கே இருக்கிறது என்று படம் எடுக்கிற வேலை, அவ்வளவுதான் என்று சொல்லிச் சொல்லி காயத்ரிக்கு வாய் வலித்தது.

படித்து முடித்தால் பெட் ஸ்கேனில் சேரலாம். தைராய்டு புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு அயோடின் கொடுக்கும் வார்டுக்குப் போகலாம். இன்னொரு தேர்வு எழுதிக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி ஆகலாம். மிஷின் விற்கும் கம்பெனியில் சேரலாம், துபாய்க்கும் பறக்கலாம். அவளுக்கு அத்தனை தூரம் ஆசையில்லை. பயிற்சி எடுக்கிற ஸ்கேன் சென்டரிலேயே வேலை கிடைத்தால் போதும், சாயங்காலம் வீட்டுக்கு வந்து அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொள்ளலாம். பல் முளைக்கிற பிள்ளை. சித்தி விரலைத்தான் கடிக்கும்.

வேலை உனக்குத்தான் என்று தலைமை டெக்னீஷியன் பிரேம்நாத்தும் சொல்லியாயிற்று. அதற்கப்புறம்தான் அது நடந்தது. மருந்தை ஊசியில் ஏற்றும் ஹாட் லேபில் மேசையைத் துடைத்துவிட்டு, கையுறையைக் கழற்றி, குப்பைக்குப் புதுப் பை எடுத்தாள். பையின் வாய் ஒட்டிக்கொண்டு பிரியவில்லை. விரல் நாக்குக்குப் போய் வந்தது. பை பிரிந்தது.

காயத்ரிக்கு அப்போதுதான் உறைத்தது. விரலைக் கதிர்வீச்சு மீட்டரில் காட்டினாள். படபடவென்று அடித்தது. கையுறையில் எங்கோ ஓட்டை.

யாரும் பார்க்கவில்லை. பெட் ஸ்கேன் மருந்தாக இருந்தால் ராத்திரிக்குள் தானே கரைந்துவிடும். வாயை மூடிக்கொண்டால் வேலையும் தப்பும். ஆனால் அதே மேசையில் காலையில் அயோடினும் எடுத்திருந்தார்கள். அதுவாக இருந்தால் தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டு நாள்கணக்கில் நகராது. பிள்ளையின் ஈறு ஞாபகம் வந்தது. அவள் பிரேம்நாத்தைத் தேடிப் போனாள்.

"சார், விரலை வாயில வெச்சிட்டேன் சார்."

அவர் திட்டவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. கையைக் கழுவச் சொன்னார், வாயைக் கொப்பளிக்கச் சொன்னார், உதட்டைப் பஞ்சால் துடைத்து மீட்டர் முன் வைத்தார். பஞ்சும் அடித்தது.

"ரெண்டு மணி நேரம் கழிச்சு இதே பஞ்சைப் பாப்போம்மா. பாதியா கொறஞ்சா பெட் மருந்து, பயம் இல்ல. கொறையலன்னா அயோடின்."

"வேலை சார்?"

"மொதல்ல பஞ்சு."

வராந்தா நாற்காலியில் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்தாள். வெளியே விட்டால் எங்கே வாய்க்குப் போய்விடுமோ என்று பயம். எச்சில் விழுங்கவும் பயந்தாள். தொண்டையில் ஏதோ இருப்பது போலவே இருந்தது. புள்ள குட்டி பொறக்க வேணாமா என்ற கமலாட்சியின் பேச்சு இப்போது சிரிப்பாக இல்லை. அம்மா போன் செய்தாள். எடுக்கவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது பஞ்சின் அளவு பாதியாகக் குறைந்திருந்தது. காயத்ரி அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதாள். பிரேம்நாத் அவள் கையிலும் வாயிலும் மீட்டரை ஓட்டினார். சத்தமில்லை.

"வூட்டுக்குப் போம்மா. ஆனா மேல சொல்லித்தான் ஆகணும். வேலையை அவங்கதான் முடிவு பண்ணுவாங்க."

வீட்டில் தறிக்குப் பக்கத்தில் பிள்ளை அவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டி, வாயைத் திறந்தபடி தவழ்ந்து வந்தது. காயத்ரி ஒரு எட்டு பின்னால் போனாள்.

"இன்னாமா, புள்ள கையை நீட்டிக்கினு இருக்குது, தூக்க மாட்டியா?" என்றாள் அம்மா மங்கையர்க்கரசி.

விரல் சுத்தம்தான். மீட்டரே சொல்லிவிட்டது. ஆனாலும் காயத்ரி கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பிள்ளை அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது.