மானுக்கு ஆகாத துப்பாக்கி

லோர்னா ஹெட்ரிக்கை நம்பி மானைக் கொடுத்தவனும் கெட்டதில்லை, துப்பாக்கியைக் கொடுத்தவனும் கெட்டதில்லை. பென்சில்வேனியா மலையடிவாரத்தில் வேட்டையில் அடித்த மானை வெட்டிக் கறியாக்கித் தர அந்த ஊருக்கு இருந்தது அவளுடைய ஒரே கடை. புருஷன் போன பிறகும் தோலுரிப்பதிலிருந்து குடலில் கறி திணித்து சாசேஜ் செய்வது வரை அவளே பார்த்தாள். கடையின் பின்னறையில் ஆளுயர இரும்புப் பெட்டி ஒன்று நின்றது. வீட்டில் சண்டை, குடி, துக்கம் என்று எவனுக்காவது மனசு சரியில்லை என்றால், பெண்டாட்டியோ தாயோ அவன் துப்பாக்கியைக் கொண்டுவந்து அதில் வைத்துவிடுவார்கள். ரசீது கிடையாது. ஆறின பிறகு உரியவன் வந்து கேட்டால் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுப்பாள். ஊர் வழக்கம் அது.

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் ஒருவன் சுட்டுத் தள்ளிய சமயம், ஆபத்தானவன் என்று தோன்றுகிறவனின் துப்பாக்கியை நீதிபதி கொஞ்ச காலம் வாங்கி வைக்கலாம் என்று ஒரு சட்டம் பேச்சுக்கு வந்தது. தீயணைப்பு நிலையக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். லோர்னா எழுந்து நின்று, "எங்க ஊர்ல ஒருத்தனுக்கு மனசு சரியில்லன்னா ஜட்ஜுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரியும். எங்களவங்கள நாங்களே பாத்துக்குவோம்" என்றாள். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. சட்டம் வரவில்லை. அவளுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு, பொய் சொல்வானேன்.

மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள் மத்தியானம் வேட் ரிஷல் கடைக்குள் வந்தான். கோடையில் தீவன ஆலையில் வேலை போனவன். அதன்பின் தாய் ஜோன் அழுதுகொண்டே கொண்டுவந்து வைத்த இரண்டு துப்பாக்கிகள் பெட்டிக்குள் இருந்தன. கடையில் ஏர்ல் பஷோரும் இன்னும் நாலைந்து பேரும் காப்பியோடு கதையடித்துக் கொண்டிருந்தார்கள்.

"லோர்னா ஆன்ட்டி, என் துப்பாக்கி வேணும்."

சவரம் செய்து, சட்டையை இஸ்திரி போட்டு, ரொம்ப மரியாதையாக நின்றான்.

"அதுக்கென்ன. உங்கப்பாவோட பழைய ரைஃபிள்தான? யாரோட மலையேறப் போற?"

"யாரோடயும் இல்ல. அது வேண்டாம். அந்தக் கறுப்பு."

கறுப்புத் துப்பாக்கி விசையை அழுத்த அழுத்த வெடித்துக்கொண்டே இருப்பது. அந்த மாநிலத்தில் அதை வைத்து மானைச் சுடக்கூடாது. பன்னிரண்டு வயதில் முதல் மான் அடித்த பிள்ளைக்கும் இது தெரியும், வேட்டுக்கும் தெரியும்.

"மானுக்கு அது ஆகாதேப்பா."

"தெரியும்" என்றான். பிறகு, ஏதோ வானிலையைக் கேட்பதுபோல, "நாளைக்கு விடியக்காலைல கூடத்துல வேட்டைக்காரங்க சாப்பாடுதான? ஆலைக்காரங்க எல்லாரும் வருவாங்கல்ல?" என்றான்.

வருவார்கள். வருஷா வருஷம் அவளே அங்கே சாசேஜ் பரிமாறுகிறாள். ஏர்ல் தன் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இன்னைக்குக் கொடுக்கறதா இல்ல" என்றாள் லோர்னா.

"கேட்டா கொடுக்கணும். அதுதான வழக்கம்? ஒருத்தன் துப்பாக்கிய யாரும் பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு நீங்கதான கூடத்துல பேசினீங்க? நானும் கை தட்டினேன்."

லோர்னா பெட்டிச் சாவியை ஏப்ரன் பைக்குள் தள்ளினாள். அவன் அங்கேயே நின்று போலீஸைக் கூப்பிட்டான். ஒருத்தி தன் துப்பாக்கிகளைத் திருடி வைத்துக்கொண்டு தர மறுக்கிறாள் என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னான். போலீஸ் வந்து சேருமுன் ஏர்ல் கிட்டே வந்து, "கொடுத்துத் தொலை லோர்னா. வழக்கத்த உடைச்சா நாளைக்கு எவன் உங்கிட்ட வைப்பான்?" என்று முணுமுணுத்தார். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

வந்தவர் போலீஸ்காரர் ரஸ், அவள் கடையில் வருஷம் தவறாமல் மான் கொடுப்பவர். அவளைத் தனியே பின்னறைக்கு அழைத்துப் போனார்.

"சுடுவேன்னு சொன்னானா?"

"இல்ல. சாப்பாட்டுக்கு யார் யார் வருவாங்கன்னு கேட்டான்."

"அது குத்தமில்லையே லோர்னா மேடம். எனக்கும் பிடிக்கல. ஆனா வாங்கி வைக்க எங்கிட்ட சட்டம் இல்ல." கொஞ்சம் தயங்கி, "அந்தக் கூட்டத்துல நான் வாசல்ல காவல் நின்னேன்" என்றார்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். அவமானத்தில் அவளுக்குக் காது மடல் வரை சுட்டது.

"திருட்டுக்குச் சட்டம் இருக்கா ரஸ்?"

"இருக்கு."

"திருட்டுப் பொருள நீங்க என்ன செய்வீங்க?"

ரஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார். "சாட்சிப் பொருளா ஸ்டேஷன்ல பூட்டி வைப்போம். கேஸ் முடியற வரைக்கும்."

லோர்னா சாவியை அவர் கையில் வைத்தாள். "அவன் சொன்னது நெசம். நான் திருடினேன். கறுப்பு மட்டுமில்ல, ரெண்டையுமே."

இரண்டு துப்பாக்கிகளும் போலீஸ் வண்டியின் பின்பக்கம் ஏறியபோதுதான் வேட்டுக்கு விஷயம் உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை.

"எனக்குக் கேஸெல்லாம் வேண்டாம். துப்பாக்கி போதும்."

"நீதானப்பா கூப்பிட்ட? இத்தன பேர் முன்னாடி திருட்டுன்னு சொன்ன. அவங்களும் ஒத்துக்கிட்டாங்க" என்றார் ரஸ். "வீட்டுக்குப் போ. நான் உங்கம்மாகிட்ட பேசறேன். சாயங்காலம் வந்து உங்கிட்டயும் பேசறேன்."

முப்பது வருஷமாகக் கடைக்கு வந்துபோனவர்கள் பார்த்திருக்க, லோர்னா ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டு வண்டியில் ஏறினாள். ஏர்ல் தொப்பியைக் கழற்றினார். மரியாதைக்கா, தலை அரித்ததாலா என்று அவளுக்குத் தெரியவில்லை. நாளைக்கே பாதிப்பேர் வந்து தங்கள் துப்பாக்கிகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

தீயணைப்பு நிலையத்தைத் தாண்டும்போது கூடத்தில் மேஜை போட்டுக் கொண்டிருந்தார்கள்.

"கேஸ் எவ்வளவு நாள் இழுக்கும் ரஸ்?"

"நீங்க கோர்ட்லயும் ஒத்துக்கிட்டா சட்டுன்னு முடிஞ்சிடும். சின்ன அபராதத்தோட விட்டுருவாங்க. கவலப்படாதீங்க."

வாழ்நாளில் ஒரு மானின் எடையைக்கூடக் கூட்டிக் குறைத்துச் சொல்லாதவள், ஜன்னல் பக்கம் திரும்பி அந்த மேஜைகளைப் பார்த்தாள்.

"அப்ப நான் திருடவே இல்ல" என்றாள்.