மூணு அடிதான் மாமா

இது நடந்தது. விமல்ராஜ் என்கிறவன் இன்னும் இருக்கிறான், அவனுடைய அக்கா இருக்கிறாள், அந்த ஏரியும் அங்கேயேதான் கிடக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து ஐயம்பேட்டை தாண்டிப் போனால் வரும் ஏரிகளில் ஒன்று. பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் யாராவது ஒருத்தர் போய்ப் பார்ப்பீர்கள். கரையோடு நிற்காமல் தண்ணீரில் காலையும் வைப்பீர்கள்.

விமல்ராஜுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். துணைக்கு வருகிறவர் அக்கா சந்தியாவின் புருஷன் துரைக்கண்ணு. ஐயம்பேட்டைக்கும் காஞ்சிபுரத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்.

துரைக்கண்ணுவுக்கு மீன் பிடிக்கத் தெரியும். நீந்தத் தெரியாது. தண்ணீர் என்றால் அப்படி ஒரு பயம். இத்தனை வருஷமும் கரையில் உட்கார்ந்தே தூண்டில் போட்டவர். செருப்பு நுனி நனைந்தால்கூட எழுந்து பின்னால் தள்ளி உட்காருவார். இதை வைத்து விமல்ராஜ் அவரை ஓட்டாத நாள் கிடையாது. அவர் பிள்ளைகளுக்கு முன்னாலேயே ஓட்டுவான்.

"மீனுக்கு இருக்கிற தைரியம் உனுக்கு இல்லியே மாமா. அதுவாச்சும் தண்ணில இருக்குது."

பிள்ளைகள் சிரிக்கும். சந்தியா சிரிப்பாள். துரைக்கண்ணுவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

போன வருஷக் கோடையில் லாரிக்காரர்கள் அந்த ஏரியில் மண் அள்ளினார்கள். இரவு பகலாகத் தோண்டினார்கள், போய்விட்டார்கள். மழை வந்து பள்ளத்தை மூடியது. உள்ளே பெரிய பள்ளம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். எங்கே ஆரம்பிக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பெரிய பெரிய கட்லா மீனெல்லாம் அந்தப் பள்ளத்து விளிம்பில்தான் கிடக்கிறது என்று பேச்சு.

அந்த விளிம்பைக் கண்டுபிடிக்கத்தான் விமல்ராஜ் சோனார் வாங்கினான். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு உருண்டை. தூண்டில் நரம்பில் கட்டி எறிந்தால் மிதக்கும். கீழே ஒலியை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்புகிற நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்குப் போட்டு செல்போனுக்கு அனுப்பும். திரையில் தரை பழுப்புப் பட்டையாக ஓடும். மேலே எத்தனை அடி என்று இருக்கும். மீன் வந்தால் சின்னதாக ஒரு மீன் படம். கூடவே ஒரு சத்தம். பீப்.

முதல் வாரம் துரைக்கண்ணு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மீனு போன்ல இல்ல மச்சான், ஏரில இருக்குது" என்றார். அது சரியாகவும் இருந்தது. திரை முழுக்க மீன் படம், விமல்ராஜின் தூண்டிலில் ஒன்றுகூட இல்லை. தண்ணீரில் குமிழி வருகிற இடமாகப் பார்த்துப் போட்ட துரைக்கண்ணு இரண்டு கெண்டை கொண்டுபோனார்.

அடுத்த வாரம் விமல்ராஜ் சோனாரைப் பார்த்துக்கொண்டே தொடையளவுக்கு இறங்கி, ஒரு பெரிய கட்லாவை இழுத்து வந்து அவர் காலடியில் போட்டான்.

துரைக்கண்ணு மீனைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார்.

"அங்க எவ்ளோ ஆழம்?"

"ரெண்டரை அடி."

"மிஷினு கரெக்டா சொல்லுமா?"

"உன் ஆட்டோ பெட்ரோல் முள்ளு மாதிரின்னு நெனச்சியா? தைரியமா எறங்கு மாமா."

பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். முழங்கால் வரைக்கும்தான். ஆனாலும் வாழ்க்கையில் முதல்முறை. அன்றைக்கு வீட்டில் அதையே பேசிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இந்த முறை சிரிக்கவில்லை. கண்ணை விரித்துக் கேட்டன. அது அவருக்குப் பிடித்துப்போனது.

அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனார். கால் எடுத்து வைப்பதற்கு முன்னால் "எவ்ளோ?" என்பார். விமல்ராஜ் உருண்டையை முன்னால் எறிந்து ஆழத்தைச் சொல்வான். அவர் போவார். தண்ணீரைப் பார்த்துப் பயந்த மனுஷன் தண்ணீரைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்.

அது ஐந்தாவது வாரம். சித்திரை மாதம். உச்சி வெயில்.

விமல்ராஜ் கணுக்கால் தண்ணீரில் நின்றிருந்தான். துரைக்கண்ணு முன்னால், இடுப்பளவு தண்ணீரில், தூண்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கொக்கு இல்லை. நீர்க்காகம் இல்லை. எப்போதும் இருக்கும். விமல்ராஜ் அதைக் கவனித்தான், வெயிலுக்கு ஒதுங்கியிருக்கும் என்று விட்டுவிட்டான்.

உருண்டையை எறிந்தான். மூன்று அடி.

இடது பக்கம் இழுத்தான். மூன்று அடி.

வலது பக்கம் எறிந்தான். மூன்று அடி. ஒரு விரல்கடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஏரித் தரை இப்படி இருக்காது. மேடு இருக்கும், குழி இருக்கும், செடி இருக்கும். இது சிமெண்ட் போட்டுப் பூசின மாதிரி இருந்தது.

பிறகு அந்தப் பழுப்புப் பட்டை அசைந்தது.

மெல்ல மேலே வந்தது. மெல்லக் கீழே போனது. மறுபடி மேலே... மறுபடி கீழே...

அலை அடித்தால் அப்படிக் காட்டும். விமல்ராஜ் தலையைத் தூக்கித் தண்ணீரைப் பார்த்தான். கண்ணாடி மாதிரி கிடந்தது.

"மச்சான்," என்றார் துரைக்கண்ணு. "கீழ மெத்துன்னு இருக்குதுபா."

"சேறு மாமா."

"சேறு ஜில்லுன்னுதான இருக்கும்? இது சூடா இருக்குது."

விமல்ராஜ் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு மீன் படம் வந்தது. இதுவரைக்கும் அவ்வளவு பெரிய படம் வந்ததில்லை. துரைக்கண்ணுவுக்கு ஓரடி முன்னால். பீப்.

"மாமா! உன் எதிர்லயே இருக்குது. இன்னும் ஒரு எட்டு வை."

"வாணாம்பா. நான் வந்துர்றேன்."

"பாத்தியா, இதான் நீ. மூணு அடிதான் மாமா. போ."

துரைக்கண்ணு திரும்பி அவனைப் பார்த்தார். பழைய சிரிப்பு ஒன்றைச் சிரித்தார். காலை எடுத்து வைத்தார்.

நின்றார்.

"மச்சான்... கால வுட மாட்டேங்குது."

"ஆட்டி எடு மாமா. சேறுதான்."

"சேறு இல்லடா. ரெண்டு காலயும்... புடிச்சிக்கினு..."

அவ்வளவுதான்.

கத்தவில்லை. கை காலை அடிக்கவில்லை. நின்றபடியே இறங்கினார். லிஃப்டில் இறங்குகிற மாதிரி. மார்பு, கழுத்து, வாய். கண் கடைசிவரைக்கும் விமல்ராஜையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு தூக்கிப் பிடித்திருந்த தூண்டில்.

பிறகு அதுவும் இல்லை.

ஒரு குமிழி வரவில்லை.

விமல்ராஜ் திரையைப் பார்த்தான். ஏன் பார்த்தான் என்று அவனுக்கே தெரியாது. ஐந்து வாரப் பழக்கம்.

மூன்று அடி.

உருண்டை நின்ற இடத்திலேயே நின்றது. அவன் இழுக்கவில்லை.

இரண்டரை.

இரண்டு.

ஒன்று...

தரை மேலே வந்துகொண்டிருந்தது.

உருண்டை தண்ணீரை விட்டு எழும்பியது. ஒரு சாண் உயரம். கீழே ஒன்றும் தெரியவில்லை. யாரோ கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிற மாதிரி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்லத் திரும்பியது.

பீப்.

அப்போதுதான் தன் காலைக் கவனித்தான். வெயிலில் சூடேறின தண்ணீர் என்று இதுவரை நினைத்திருந்தான். சூடு மேலேயிருந்து வரவில்லை.

கீழேயிருந்து வந்தது.

மெத்தென்று இருந்தது.

எப்படிக் கரையேறினான் என்று அவனுக்கு நினைவில்லை.

தீயணைப்பு வண்டி வந்தது. இருட்டும் வரை தேடினார்கள். கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் தண்ணீரில் மூழ்கித் தேடுகிற ஜான்சன் என்பவரைக் கூட்டிவந்தார்கள். அவர்தான் துரைக்கண்ணுவை வெளியே கொண்டுவந்தார்.

விசாரித்த போலீஸ்காரர் விமல்ராஜைக் கடிந்துகொண்டார். "செடி கொடி இருந்தா அதையே தரைன்னு காட்டும்பா இந்த மிஷினு. மீன் தேட வாங்கினத நம்பி ஆள எறக்குவாங்களா?" தூண்டில் போடுகிற சிநேகிதர்களும் அதையேதான் சொன்னார்கள். கொழகொழவென்று இருக்கும் அடிச்சேறும் ஏமாற்றும், மீனுக்கு வேண்டுமானால் நம்பலாம், காலுக்கு நம்பக் கூடாது என்றார்கள்.

விமல்ராஜ் அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். கண்ணால் பார்த்ததையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு, மிஷின் தப்பாகக் காட்டிவிட்டது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னான். அக்காவிடமும் சொன்னான். சந்தியா கேட்டுக்கொண்டாள்.

மூன்றாம் நாள், உயிர் போன இடத்தில் பால் ஊற்ற ஏரிக்குப் போனார்கள். ஜான்சனும் வந்திருந்தார்.

"எங்கேர்ந்து எறங்கினாரு?" என்று சந்தியா கேட்டாள்.

விமல்ராஜ் காட்டினான்.

ஜான்சன் அந்த இடத்தைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "இங்கேர்ந்தா? இங்க எப்டிபா எறங்க முடியும்?"

"ஏன்? சரிவுதான. நாலஞ்சு வாரமா எறங்கிக்கினுதான் இருந்தோம். முட்டி வரைக்கும், அப்பறம் இடுப்பு வரைக்கும்..."

"சரிவா? நான் உள்ள போயி பாத்தவன்பா. கரை ஓரத்துலயே செவுரு மாதிரி வெட்டி வெச்சிருக்கானுங்க. கால் வெக்க எடமே இல்ல. செடியும் இல்ல, கொடியும் இல்ல."

விமல்ராஜ் நம்பவில்லை. ஜான்சன் ஒரு கல்லைக் கயிற்றில் கட்டினார். கரையில் நின்றபடியே, துரைக்கண்ணு முதல்முறை முழங்காலளவில் நின்றதாக அவன் காட்டிய இடத்தில் போட்டார். கயிறு அவர் கையை உரசிக்கொண்டு ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

"நாப்பது அடி," என்றார் ஜான்சன்.

சந்தியா தம்பியைப் பார்த்தாள். "நீ எங்கடா நின்ன?"

அவன் தன் கால் நனைந்த இடத்தைக் காட்டினான். ஜான்சன் கல்லை இழுத்து எடுத்து அங்கே போட்டார்.

அங்கேயும் கயிறு நிற்காமல் ஓடியது.

சந்தியா கையிலிருந்த பாலைத் தண்ணீரில் ஊற்றினாள். சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, அழாமல், பக்கத்து வீட்டுக்காரரிடம் ஏதோ விசாரிக்கிற மாதிரிக் கேட்டாள்.

"நாலஞ்சு வாரமா ரெண்டு பேரையும்தான தாங்கிக்கினு இருந்துது. அவர எடுத்துக்கிச்சு. உன்ன ஏன்டா வுட்டுச்சு?"