டை மேல் உடைத்த தேங்காய்

சூரமங்கலத்தில் சபரிநாதனின் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைக்குப் பெரிய பெயர்ப்பலகை உண்டு. ஆனால் ஊரில் அதற்கு ‘நாளைக்கு வாங்க பட்டறை’ என்றுதான் பெயர். டை, அதாவது தகடு அடிக்கும் எஃகு அச்சு, கொண்டுவந்தவர் எவ்வளவு குதித்தாலும் சபரிநாதன் வாயில் அந்த ஒரு பதில்தான். மனைவி சித்ராவைப் பெண் பார்த்த அன்றும் அதையேதான் சொன்னார்; மாமனார் விடவில்லை.

சோம்பேறி என்று நினைத்தால் பாவம். டை எஃகைச் செக்கச்செவேலென்று காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தால் இறுகிவிடும், லேசில் தேயாது. ஆனால் அது பொரித்த அப்பளத்தின் விறைப்பு. ஓர் அடி விழுந்தால் போச்சு. குறைந்த சூட்டில் இன்னும் இரண்டு முறை வேகவைத்தால்தான் அடி தாங்கும். அந்த இரண்டு வேக்காட்டுக்குத்தான் ‘நாளைக்கு’. இருபத்தாறு வருஷத்தில் அவர் கொடுத்த டை ஒன்றுகூட விரிசல் விட்டதில்லை. அந்தப் பெயரை வைத்துத்தான் அவர் தெருவில் நிமிர்ந்து நடந்தார்.

போன தை மாதம் அதற்கு வேட்டு வந்தது. நாமக்கல்லில் லாரி பாடிக்குக் கீல் தகடு அடிக்கும் ஜெயபிரகாஷ் சாயங்காலம் வந்து நின்றான். பட்டறை வேலையில் பாதி அவன் கொண்டுவருவது. மறுநாள் காலை அவனுடைய புது பிரஸ் மெஷினுக்குப் பூஜை. டையோ காய்ச்சிக் குளிரவைத்த நிலையில் கிடந்தது. ஒரு வேக்காடுகூட ஆகவில்லை. அவன் அரத்தை எடுத்து அதன் விளிம்பில் உரசினான். வழுக்கியது.

“ஏனுங்கண்ணா, அரமே ஏறல. இன்னும் என்னத்த வேக வெக்கறீங்க?”

“நாளைக்கு வாங்க சாமி.”

“நாளைக்கு நல்ல நேரமுங்க! தரலீன்னா இனிமே எல்லா டையும் ஓமலூர் பட்டறைக்குப் போயிரும்.”

சபரிநாதன் கொடுத்துவிட்டார். பூஜை முடிந்ததும் திருப்பி வாங்கிவரலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, காலையில் நாமக்கல்லுக்கு பஸ் ஏறினார்.

டைக்குச் சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம். ஜெயபிரகாஷின் அப்பா சின்னண்ணன் தேங்காயை ஓங்கினார். பக்கத்தில் கல் இருந்தது. அவரோ, தொழில் செய்யப்போவது இதுதானே என்று டையின் விளிம்பிலேயே போட்டார்.

‘டிங்’ என்றது. தேங்காய் முழுசாக இருந்தது. டை இரண்டு துண்டு.

“கண்ணு பட்டிருச்சுங்க” என்றார் ஒருவர். கூட்டமே ஆமாம் என்றது. ஜெயபிரகாஷும் அவசரமாகத் தலையாட்டினான். சபரிநாதன் வாயைத் திறக்காமல் இருந்தால் பெயரும் மிச்சம், வாடிக்கையும் மிச்சம். ஆனால் அவர் குனிந்து உடைந்த துண்டு ஒன்றைக் கையில் எடுத்தார்.

“கண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. வேகாததக் குடுத்துட்டேன். தப்பு என்னுதுங்க.”

சின்னண்ணன் மகனைப் பார்த்தார். மகன் மல்லிகைச் சரத்தைப் பார்த்தான்.

“அரம் வழுக்குச்சுங்கப்பா...” என்று முனகினான்.

சின்னண்ணனுக்கு விளங்கிவிட்டது. சுவரிலிருந்த நாள்காட்டியைக் கழற்றிச் சபரிநாதன் கையில் கொடுத்தார்.

“வேற டை செஞ்சு அனுப்பறோம். பூஜைக்கு எது நல்ல நாளுன்னு நீங்களே சொல்லிப்போடுங்க.”

பன்னிரண்டாம் நாள், ராகுகாலம் பார்க்காமல் பூஜை. புது டையின் அதே விளிம்பில் சின்னண்ணன் இன்னும் ஓங்கிப் போட்டார். தேங்காய் சரிபாதியாகப் பிளந்து, தண்ணீர் சபரிநாதனின் சட்டையெல்லாம் தெறித்தது. துடைக்கத் துண்டு நீட்டினான் ஜெயபிரகாஷ். அவர் வாங்கவில்லை, ஈரச் சட்டையோடே சூரமங்கலம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தார்.