கல்யாணத்துக்கு அனுமதி கேட்டவள்

என் மகளின் தண்ணீர் பாட்டிலில் அந்த வீடியோ கேம் கம்பெனியின் பொம்மை சிரித்துக்கொண்டிருக்கும். பள்ளிப் பையிலும் தலையணை உறையிலும் அதே சிரிப்புதான். மகளுக்கு எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று நாள் முழுக்கக் குழம்புகிற எனக்கு, அந்தக் கம்பெனி ஒன்றுதான் நிம்மதி. அவர்கள் விளையாட்டுகளில் ரத்தம் கிடையாது. அடிபட்டு விழுந்தவர்கள் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து நடப்பார்கள். பெட்டியின் மேல் அப்பா, அம்மா, பிள்ளைகள் ஒரே சோபாவில் நெருக்கி உட்கார்ந்திருக்கிற படம் இருக்கும். அந்தப் படத்தை நம்பித்தான் நான் கடிதம் எழுதினேன்.

என் கணவர் அண்ணனூர் பணிமனையில் மின்சார ரயில்களைப் பழுது பார்க்கிறவர். கல்லூரியில் படித்த நாளிலிருந்து அவரும் நண்பர்களும் அந்தக் கம்பெனியின் பழைய சண்டை ஆட்டம் ஒன்றை விளையாடிவருகிறார்கள். கம்பெனி அதை விற்பதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. இவர்கள் நிறுத்தவில்லை. புது டிவியில் பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் கை ஓங்குவதற்கும் நடுவே ஒரு நொடியில் சிறு துளி தாமதமாகிறதாம். ஆகவே பழைய குண்டு டிவிதான் வேண்டும். பட்டாபிராமில் யாராவது குண்டு டிவியைத் தூக்கிப் போட்டால், பழைய இரும்புக்காரருக்கு முன்னால் இவர்கள் போய் நிற்பார்கள். எங்கள் பரணில் மூன்று இருந்தன. கல்யாணமான புதிதில் அதற்கு நேர்கீழே படுக்கப் பயந்து கட்டிலை நகர்த்திப் போட்டேன். இன்றும் அது அப்படியே கோணலாகத்தான் கிடக்கிறது.

வருடத்துக்கு ஒருமுறை கோயம்புத்தூர், பெங்களூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போட்டி நடக்கும். அதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் கல்யாணம். வேறெங்கோ ஒரு ஊரில் இப்படி நடந்த போட்டியைக் கம்பெனி ஒரே ஒரு கடிதம் போட்டு நிறுத்திவிட்டது என்று கேள்விப்பட்ட பிறகு வந்த வழக்கம் அது. எந்த இடத்திலும் ஆட்டத்தின் பெயரை எழுதக்கூடாது. வாட்ஸாப்பில் பத்திரிகை வரும்: ‘நமது இல்லத் திருமணத்துக்குச் சுற்றமும் நட்பும் சூழ வருக.’ டிவிகளுக்குச் சீர்வரிசை என்று பெயர். போன வருடம் ஜெயித்தவர்தான் மாப்பிள்ளை. முடிந்து போகிறவர்கள் கையில் தேங்காயும் வெற்றிலைபாக்கும் போட்ட தாம்பூலப் பை கொடுப்போம். பைகளைக் கட்டுவதும், நாற்பது பேருக்குப் புளிசாதம் கிளறுவதும் என் பொறுப்பு. வாட்ஸாப் குழுவில் நான் ஒருத்திதான் பெண்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிற நண்பர் ஒருவர் உண்டு. குழுவில் அவர்தான் வாயாடி. “நம்ம அந்த கம்பெனிக்காரன தலைல தூக்கி வெச்சிகினு ஆடறோம் அண்ணி. அவன் நம்மள வாசப்படி ஏத்த மாட்டேன்றான். இன்னா பண்றது, பொண்ணு ஊட்டுக்காரன் மாறி மொறச்சிகினே கீறான்” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் உறுத்தும். இருபது வருடமாக ஒரு கம்பெனியை இப்படி நேசிக்கிறவர்கள், ஏன் திருடர்களைப் போல மறைந்து விளையாட வேண்டும்? ஒருமுறை ஒழுங்காகக் கேட்டுப் பார்த்தால் என்ன?

மகள் பிறக்கும்வரை நான் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கடிதப் போக்குவரத்து பார்த்தவள். தகுந்த தாள்களை இணைத்து, தகுந்த ஆளுக்கு, மரியாதையாக எழுதினால் எந்த அனுமதியும் கிடைக்கும் என்பது என் அனுபவம். அனுபவம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

எங்கள் ஆலயத்தின் சமூகக் கூடத்தில்தான் கல்யாணம் நடப்பது வழக்கம். கூடத்துக்கான படிவத்தை எப்போதும் என் கணவர்தான் நிரப்புவார். ‘குடும்ப நிகழ்ச்சி’ என்று எழுதிவிடுவார். இந்த வருடம் அவருக்குப் பகல் ஷிப்ட். என்னை அனுப்பினார். ‘நிகழ்ச்சியின் விவரம்’ என்ற கட்டத்துக்கு முன்னால் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆலய வளாகத்தில் உட்கார்ந்துகொண்டு பொய் எழுதக் கை வரவில்லை. ‘வீடியோ கேம் போட்டி’ என்று எழுதினேன். கூடத்துச் செயலர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தார்.

“இதுக்கெல்லாம் அந்த கம்பெனிக்காரங்க பர்மிசன் வேணுமோ என்னமோ. போன தடவ இங்க ஒரு படம் போட்டாங்க, அதுக்கே பெரிய பேச்சாயிடுச்சு. எதுக்கும் ஒரு லெட்டர் வாங்கிடுங்கம்மா.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அன்று மதியம் மகள் தூங்கியதும் உட்கார்ந்து எழுதினேன். எங்கள் குடும்பத்தைப் பற்றி, மகளின் தண்ணீர் பாட்டிலைப் பற்றி எழுதினேன். கூடத்தின் பெயர், தேதி, எத்தனை டிவி என்று ஒன்று விடாமல் எழுதினேன். பழைய ஆட்டத்தைக் கொஞ்சம் மாற்றியமைத்து, வெளியூர் நண்பர்களோடு இணையத்தில் பயிற்சி எடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்தேன். எதையும் மறைக்காமல் எழுதினால் மதிப்பார்கள் என்று நினைத்தேன். கணவரிடம் சொல்லவில்லை. அனுமதிக் கடிதத்தை அச்செடுத்து, சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்து அனுப்ப வேண்டும் என்று ஆசை.

பதில் பன்னிரண்டு நாள் கழித்து வந்தது. மகளுக்கு ஜடை பின்னிக்கொண்டிருந்தேன். ரப்பர் பேண்டைப் பல்லில் கடித்தபடி படித்தேன். எவ்வளவு கனிவான கடிதம்! எங்கள் குடும்பத்தின் அன்புக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். மகளின் சிரிப்பே தங்கள் மகிழ்ச்சி என்றார்கள். மூன்றாவது பத்தியில், நான் கொடுத்த தேதியையும் கூடத்தின் பெயரையும் அப்படியே திருப்பி எழுதி, மாற்றியமைத்த ஆட்டம் புழங்குகிற இடத்தில் இந்த நிகழ்ச்சியை நடத்தக்கூடாது என்றும், மீறினால் மேல்நடவடிக்கை எடுக்க நேரும் என்றும் இருந்தது. கூடவே ஓர் இணைப்பு. மகள் வண்ணம் தீட்ட அந்தப் பொம்மையின் படம்.

மூன்று நாள் சொல்லாமல் இருந்தேன். இன்று இரவு, இல்லை, நாளை காலை என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் இன்னொரு அசட்டுத்தனமும் செய்தேன். மகளாவது சந்தோஷப்படட்டும் என்று அந்தப் படத்தை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக் கொடுத்தேன். அவள் வண்ணம் தீட்டி, வேலையிலிருந்து வந்தவரிடம் நீட்டினாள்.

“பா, கம்பெனிலேர்ந்து எனக்கு அனுப்பிருக்காங்க. அம்மா லெட்டர் போட்டாங்க.”

அவர் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். போனை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். கையில் கிரீஸ் போகவில்லை. திரையில் கட்டைவிரல் ரேகை பதிந்தது.

“கேக்காத வரைக்கும் அவங்களுக்கும் ஒண்ணும் தெரியாது, நமக்கும் ஒண்ணும் தெரியாது. அப்படியேதான் இத்தன வருஷம் ஓட்டுனோம்.”

“நல்லதுக்குதாங்க செஞ்சேன்.”

“தெரியும்,” என்றார். கத்தியிருக்கலாம். குளிக்கப் போய்விட்டார்.

மறுநாள் லேத்துக்காரர் வந்தார். விஷயம் தெரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அண்ணி, திருட்டுக் கல்யாணத்துக்கு வெத்தல பாக்கு வெச்சி பொண்ணோட அப்பனயே கூப்ட்டுகினு வந்துட்டியே!”

“டேய், விட்றா மச்சான்,” என்றார் என் கணவர்.

“இன்னாத்த உடறது மாமே? கோயம்புத்தூர்லேர்ந்து டிக்கெட் போட்டு வெச்சிகீறானுங்கோ. எவ்ளோ டிவி கீதுன்னு கூட எழுதிகீது பாரு. எண்ணிக் குட்த்துகீது!”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் டீ வடிகட்டப் போனேன். கூடத்துச் செயலரிடம் நானே போய் அனுமதி கிடைக்கவில்லை என்று சொன்னேன். ‘பரவால்லம்மா, ஒளிக்காம சொன்னீங்க’ என்று பாராட்டினார். அந்தப் பாராட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீடுவரை சுமந்து வந்தேன்.

அதற்குப் பிறகு வாட்ஸாப் குழுவில் சத்தமே இல்லை. ‘இவ்வருடத் திருமணம் ஒத்திவைக்கப்படுகிறது’ என்று கடைசியாக ஒரு வரி. கை கூப்பிய படங்கள் வரிசையாக வந்தன. அதோடு சரி. ஆனால் அவர் போனைப் பார்த்துத் தனக்குள் சிரிப்பதைக் கவனித்தேன். வேறு குழு தொடங்கிவிட்டார்கள், நான் இல்லாமல். கேட்கவில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் என்னைச் சேர்த்திருக்க மாட்டேன். இனி இவர் மற்ற விஷயங்களையும் என்னிடம் யோசித்துத்தான் சொல்வாரோ என்பதுதான் பயம். சம்பளம், ஷிப்ட், வேப்பம்பட்டில் பார்த்துவைத்திருக்கிற மனை என்று எதைப் பேசினாலும், பேசுவதற்கு முன் ஒரு துளி தாமதம் இருப்பதாக எனக்குப் பட்டது. உண்மையிலேயே இருந்ததா, நானாக நினைத்துக்கொண்டேனா?

மகள் ஒருநாள் கேட்டாள்: “அப்பாக்கு அந்த பொம்ம மேல கோவமா?” இல்லை என்றேன். உண்மைதான். அதன் மேல் அவருக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை.

கல்யாணம் நடந்திருக்க வேண்டிய ஞாயிறு வந்தது. காலை ஆராதனை முடிந்து வந்ததும் அவர் ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறினார். ஒரு டிவியை இறக்கினார். இரண்டாவதை இறக்கும்போது நான் கீழே நின்று தாங்கிக்கொண்டேன்.

“சர்வீசுக்குப் போகுது,” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

வாசலில் லோடு ஆட்டோ நின்றிருந்தது. எங்கே, யார் வீட்டில், எத்தனை மணிவரை, கடிதம் போட்டவர்களுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று எத்தனையோ கேள்விகள் நாக்கில் வரிசை கட்டி நின்றன. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு ஒன்றை மட்டும் கேட்டேன்.

“எத்தன பேருக்கு சோறு?”

ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

“பதினெட்டு,” என்றார்.

புளி ஊறவைத்தேன். வேர்க்கடலை வறுத்தேன். பதினெட்டு என்றால் இருபத்திரண்டுக்குப் போடுவது என் வழக்கம். அண்டாவை எடுத்துப்போக லேத்துக்காரர் வந்தார். நான் தூக்கிக் கொடுக்கும்போது, “எங்கன்னு கேக்காத அண்ணி” என்றார்.

“நான் கேக்கலியே.”

“கேட்டா சொல்லிடுவேன், அதான்,” என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

மாலை விளக்கு வைக்கிற நேரத்தில் கணவர் டிவிகளோடு திரும்பி வந்தார். ‘அடுத்த மாப்பிள்ளை யார்?’ என்று கேட்க நினைத்து நிறுத்திக்கொண்டேன். அவராகவே, “அரையிறுதில தோத்துட்டேன்” என்றார். அண்டா கழுவித் துடைத்து வந்திருந்தது. மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு தாம்பூலப் பை. ஒரு தேங்காய், இரண்டு வெற்றிலை, கொட்டைப்பாக்கு. முடிச்சு நான் போடுவதுபோல இல்லை. அவசரத்தில் இரட்டை முடிச்சாக இறுக்கியிருந்தார்கள்.

எல்லா வருடமும் வாசலில் நின்று அந்தப் பைகளைக் கொடுத்தவள் நான். தாம்பூலம் விருந்தாளிக்குத்தான் கொடுப்பார்கள். மன்னித்துவிட்டோம் என்கிறார்களா, வந்துவிட்டுப் போகிறவர்கள் வரிசையில் என்னைச் சேர்த்துவிட்டார்களா என்று அந்த முடிச்சை அவிழ்க்கும்வரை யோசித்தேன். மகள் தேங்காயை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டி, “தண்ணி இருக்கும்மா” என்றாள். அவளுடைய பாட்டிலைக் கழுவி, மறுநாள் பள்ளிக்காக நிரப்பி வைத்தேன். டிவிகளைத் திரும்பப் பரணில் ஏற்ற அவர் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, “இதைக் கொஞ்சம் பிடி” என்று கூப்பிட்டார். போய்ப் பிடித்தேன்.