முதல் பாடகரின் கால்கள்

ஆலங்குடாப் பக்கம் நான் போய் மூன்று மாதமாகிறது. ஏன் போவதில்லை என்று கேட்பவர்களுக்கு முழங்கால் வலி என்று சொல்லிவைத்திருக்கிறேன். முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. அங்கே கடற்கரையில் உல்லாசப் பயணிகள் தங்க நான்கு கபானாக்களும் ஒரு சாப்பாட்டுக் கொட்டிலும் வைத்து நடத்தும் மனிதன், என் இருபது வருடக் கூட்டாளி, என்னுடைய கசற் ஒன்றைத் திருத்திக் கொடுத்துவிட்டான். அவன் சொன்ன சொல் அதுதான்: திருத்தி. பள்ளிக்கூடத்தில் வருடத்துக்கு ஆயிரம் கணக்குகளைத் திருத்துகிறவன் நான். அந்தச் சொல்லில் இவ்வளவு கொலை இருக்கும் என்று அதுவரை தெரியாது.

உலகத்தில் ஒரே ஒரு பிரதி இருந்த கசற் அது. இப்போது அதுவும் இல்லை.

கொஞ்சம் வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எத்தாளையில் கணிதம் படிப்பிக்கும், தலை நரைத்த, சீனி வருத்தத்துக்கு மூன்று வேளை குளிசை போடும் நான், பதினாறு வயதிலிருந்து ஹெவி மெற்றல் கேட்கிறவன். அதிலும் ஒரே ஒரு வெளிநாட்டுக் குழு. பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் இதை வாசிப்பவர்களில் பாதிப்பேர் எழுந்து ஜன்னலைச் சாத்துவார்கள், மீதிப்பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். சண்டை இதுதான்: அந்தக் குழுவின் முதல் இரண்டு இசைத்தட்டுகளிலும் பாடியவர் ஒருவர். அவரைத் துரத்திவிட்டு இன்னொருவரைப் பிடித்தார்கள். இரண்டாமவர் உலகப் புகழ் பெற்றார். பெற்றதோடு நில்லாமல், மேடைகளில் முதலாமவரின் பாட்டுகளையும் பாடினார். ஆகவே ஒரே பாட்டு, இரண்டு குரல். எது சரி? முப்பது வருடமாக நாங்கள் செய்வது இந்த ஒப்பிடுதலைத்தான். பழைய உரையாசிரியர்கள் ஒரு சொல்லுக்கு மூன்று பொருள் சொல்லி அடிபட்டதை வாசித்துச் சிரித்தவன், ஒரு கத்தல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதற்காக ஒரு வாரம் சாப்பாட்டை மறந்திருக்கிறேன்.

சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை இப்படிப் பதினொரு பேர் இருக்கிறோம். வட்ஸ்அப்பில் ஒரு குழு. அதன் தலைவர் கற்பிட்டியில் சின்ன வெங்காயம் மொத்தமாக எடுத்து அனுப்பும் ஒரு முஸ்லிம் நானா. பாடகர்கள் விஷயத்தில் அவர் எந்தப் பக்கமும் இல்லாதவர். கிற்றார் அடிப்பவன் களைத்துப்போனால் மூச்சுவிட ஒரு இடைவேளை வேண்டுமே, அதற்குத்தான் பாட்டுக்காரன் என்பது அவருடைய கொள்கை.

என் ஆலங்குடாக் கூட்டாளி சிலாபப் பக்கத்துக் கத்தோலிக்கன். இங்கே பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்டவன். அவன் இரண்டாமவரின் கட்சி. இரண்டாமவர் எவ்வளவு உயரத்துக்குப் போனாலும் பட்டம் மாதிரி ஆடாமல் நிற்கிறார் என்பான். தினமும் கடலுக்கு மேலே பட்டம் பார்க்கிறவன் வேறென்ன சொல்வான்?

நான் முதலாமவரின் கட்சி. கட்சி என்றால், அந்தக் கட்சியில் நான் மட்டும்தான். முதலாமவரின் குரல் கனமானது, தாழ்ந்தது, சேற்றில் நடப்பவனைப்போல இழுத்து இழுத்து வருவது என்று எழுதிக்கொண்டே இருந்தேன். அதிலும் ஐந்தாவது பாட்டு. பல்லவி திரும்ப வருவதற்கு முன்னால் ஓரிடத்தில் அவர் தயங்குவார். குரல் ஒரு குழிக்குள் கால் வைத்ததுபோலத் தாழ்ந்து, நின்று, பிறகு மெல்ல ஏறும். இரண்டாமவர் அந்த இடத்தைக் கவனிக்காமலே தாண்டிப் போவார். ‘சந்தேகப்படத் தெரிந்த ஒரே மெற்றல் பாடகன்’ என்று முதலாமவரைப் பற்றி நான் எழுதிய வரியை நானே இரண்டு முறை மேற்கோள் காட்டியிருக்கிறேன்.

அந்தத் தயக்கம் வேறு யாருக்கும் கேட்கவில்லை. இணையத்தில் இருக்கும் பாட்டில் எனக்கும் கேட்கவில்லை. அதற்கும் விளக்கம் வைத்திருந்தேன்: கம்பனி புதுப் பதிப்புப் போடும்போது வேகத்தைக் கூட்டிவிட்டது, தயக்கத்தை வெட்டிவிட்டது. இதை ஒரு வெளிநாட்டு ரசிகர் தளத்தில் நான்கு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் எழுதினேன். மண்டையோட்டுப் படம் போட்ட ஒருவர், சகோதரா, உன் ரேப் ரெக்கோடரை ஒருமுறை டாக்குத்தரிடம் காட்டு என்று பதில் போட்டார். அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். நான் அவரை பிளாக் செய்தேன்.

என் ஆதாரமெல்லாம் அந்தக் கசற்றில்தான் இருந்தது. கசற் போடும் மெஷின் செத்துப் பத்து வருடம். அலுமாரியில், பிஸ்கற் ரின் ஒன்றுக்குள், கைலேஞ்சியில் சுற்றி வைத்திருந்தேன். கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒவ்வொரு வரியும் தலைக்குள் ஓடும்.

கூட்டாளிதான் யோசனை சொன்னான். பட்டம் கட்டிக் கடலில் பலகையில் ஓட வந்த ஒரு வெள்ளைக்காரர் அவனுடைய கபானாவில் தங்கியிருந்தார். ஊரில் அவருக்கு ஒலிப்பதிவுதான் தொழில். சோளகக் காற்று இன்னும் எழும்பாத கிழமை அது. காற்று இல்லாமல் அவர் கரையில் உட்கார்ந்து பியரையும் கடலையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கசற்றைத் தா, கொம்பியூட்டரில் ஏற்றித் தருவார், எல்லோரும் கூடியிருந்து கேட்டு ஒரு முடிவுக்கு வருவோம் என்றான். நான் அதை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுபோல என்று எழுத வந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கேட்காமல் வேறு குழந்தையாக மாற்றிக் கொடுப்பதில்லை.

அடுத்த ஞாயிறு பின்னேரம் ஏழெட்டுப்பேர் கொட்டிலில் கூடினோம். பெரிய ஸ்பீக்கர் இரண்டு. முதல் பாட்டு தொடங்கியது. துப்புரவாக, வேகமாக, வெயிலில் காயப்போட்ட வேட்டிபோல. ஏதோ பிழையான பைலைப் போட்டுவிட்டான் என்று நினைத்தேன். ஐந்தாவது பாட்டு வந்தது. அந்த இடமும் வந்தது. ஒரு தயக்கமும் இல்லாமல் பாட்டு பல்லவிக்குள் ஓடிப்போனது.

கூட்டாளியின் முகத்தில் அப்படியொரு பெருமை. கசற் ஒரேயடியாக மெதுவாக ஓடியதாம். அதிலும் ஒரே அளவாக இல்லை. ஓரிடத்தில் கூடி, ஓரிடத்தில் குறைந்து. வெள்ளைக்காரர் இரண்டு நாள் இருந்து, கம்பனிப் பாட்டைப் பக்கத்தில் வைத்து, அடிக்கு அடி இழுத்து நேராக்கினாராம்.

“ஒரு சதம் வாங்கல்ல மச்சான். இப்ப கேளு, உன்ட ஆளும் மேல போறான்தானே.”

கசற் எங்கே என்றேன். ஒரு கடித உறைக்குள் கொண்டுவந்தான். நாடா இரண்டு இடத்தில் அறுந்து, மண்ணிறத் தூளாக உதிர்ந்துகொண்டிருந்தது. பூஞ்சை பிடித்த பழைய நாடாவாம். ஒரே ஒரு தடவைதான் ஓடியதாம். அந்த ஒரு தடவையில் திருத்தாமல் ஏற்றியது எங்கே என்றேன். அவன் போனை எடுத்து அந்த மனிதருக்கு எழுதினான். அவர் அதற்குள் வேறு கடற்கரைக்குப் போய்விட்டிருந்தார். கட்டைவிரலை உயர்த்திய படத்தோடு பதில் வந்தது: முடித்த வேலையை மட்டும்தான் வைத்திருப்பது என் வழக்கம், பிழையானவற்றை அழித்துவிடுவேன்.

நான் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பினேன். புத்தளம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, பாலாவிக்குப் பக்கத்தில் வரும்போதுதான், கணித ஆசிரியரான எனக்கு முப்பது வருடம் பிந்தி விடை கிடைத்தது.

டைனமோ.

யாழ்ப்பாணத்தில் யுத்தத்தால் கரண்ட் இல்லாத வருடங்கள். பற்றரி கண்ணால் காணக் கிடையாது. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின்சில்லில் டைனமோவைப் பொருத்தி, ஒருவர் ஏறியிருந்து மிதிக்க, வயர் வழியாக றேடியோவோ ரேப் ரெக்கோடரோ பாடும். வீட்டுக்கு வீடு அதுதான். அந்தக் கசற்றை என் வகுப்புக் கூட்டாளி ஒருவன் யாரிடமோ ஒரு பின்னேரத்துக்கு மட்டும் இரவல் வாங்கி வந்தான். நாங்கள் பொத்திவைத்திருந்த நாலு நல்ல பற்றரியையும் பதிகிற மெஷினுக்குப் போட்டோம். பாடுகிற மெஷினுக்கு அவன் மிதித்தான். நாற்பது நிமிடம், இடையில் இறங்காமல். நான் பதிகிற மெஷினுக்கு முன்னால் குந்தியிருந்தேன்.

கால் களைத்தால் பாட்டும் களைக்கும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த நாட்களில் சினிமாப் பாட்டெல்லாம் அப்படித்தான் அழுதுகொண்டு கேட்டோம். ஆனால் இந்தப் பாட்டின் அசலை நாங்கள் அதற்கு முன் கேட்டதில்லை. முதலாமவரின் குரலே அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

ஐந்தாவது பாட்டின் நடுவில் வானத்தில் ஒரு சத்தம் வந்தது. அவன் மிதிப்பதை விட்டுக் காது கொடுத்தான். ஒரு மூச்சு எடுக்கும் நேரம். அது எங்கள் பக்கம் வரவில்லை. திரும்ப மிதித்தான்.

அவ்வளவுதான் அந்தத் தயக்கம்.

அடுத்த வருடம் அவன் இல்லை. எப்படி என்று எழுதப்போவதில்லை. அவனுடைய அம்மா இன்னும் இருக்கிறா. இடம்பெயர்ந்து புத்தளத்துக்கு நான் கொண்டுவந்தவற்றில் அவன் கை பட்டதென்று ஒன்றுமில்லை, படமும் இல்லை. அவனுடைய கால் மட்டும் ஒரு நாடாவில் நாற்பது நிமிடம் இருந்தது. அதை வைத்துக்கொண்டே, அது எதுவென்று தெரியாமல், அவனுடைய களைப்பையெல்லாம் ஒரு வெளிநாட்டுக்காரனின் மேதைமை என்று ஊருக்கெல்லாம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். நான் அறிந்துகொண்ட அதே பின்னேரம் அதை ஒருவன் துடைத்துத் துப்புரவாக்கித் தருகிறான். சதமும் வாங்காமல்.

இதற்கு யாரிடம் கோபப்படுவது என்று தெரியாததால் எல்லோரிடமும் கோபப்பட்டேன். வட்ஸ்அப் குழுவிலிருந்து விலகினேன். பத்தாம் வகுப்பில் தசமப் புள்ளியைத் தவறவிட்ட ஒரு பிள்ளையிடம் நான் பேசிய பேச்சுக்கு அடுத்த நாள் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. காற்றில்லாத கிழமைகளின் மேல் கோபம். மேல்நாட்டாரின் துப்புரவின் மேல் கோபம். பிழையானவற்றை அழித்துவிடுவேன் என்ற வசனத்தை எழுதி மேசையில் ஒட்டிவைத்து, காலையும் மாலையும் பார்த்துக் கொதித்தேன். கோபப் பட்டியலில் என் பெயரும் உண்டு, முதலாவதாக; ஆனால் தன்மேல் கோபப்படுவதில் எனக்கு நீண்ட பழக்கம் இருப்பதால் அது அவ்வளவு சூடாக இருப்பதில்லை.

ஏன் விலகினீர்கள் என்று நானா போன் எடுத்தார். டைனமோ கதையைச் சொல்லிவிட்டேன்.

“இத ஆலங்குடாவுல அவருக்கிட்ட சொன்னீங்களா சேர்?”

“இல்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.”

ஓம் என்றார். வெங்காய விலையைத் தவிர வேறெதையும் அவர் வாழ்நாளில் மறைத்ததில்லை.

போன ஞாயிறு காலை, பூசை முடிந்த கையோடு, ஒரு த்ரீவீல் என் வாசலில் வந்து நின்றது. பின்னால் கயிற்றால் கட்டிய பழைய சைக்கிள். கூட்டாளி பூசைக்குப் போட்ட வெள்ளைச் சேட்டோடு இறங்கினான். கையில் ஒரு ரேப் ரெக்கோடர். அதே இசைத்தட்டின் கசற், கம்பனிக் கசற், கொழும்பில் யாரிடமோ தேடிப்பிடித்தது. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவைச் சில்லோடு அழுத்தி, வயரைக் கொழுவி, ஏறி உட்கார்ந்தான். தொண்ணூறு கிலோ. ஸ்ராண்ட் முனகியது.

மிதித்தான். பாட்டு துரத்தப்பட்ட கோழிபோல ஓடியது.

“வேகம் கூட,” என்றேன். மூன்று மாதத்தில் அவனோடு கதைத்த முதல் வார்த்தை.

குறைத்தான். பாட்டு விழுந்து படுத்தது. நான் கதிரையைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்து பிழை பிடிக்கத் தொடங்கினேன். அவன் ஒரே சீராக மிதிக்கிறான், அதில் பாரமில்லை. மூன்றாவது பாட்டில் ஏற வேண்டும், ஏறவில்லை. இழுப்பு இருக்கிறது, ஆனால் அது சோம்பல், களைப்பு இல்லை. எல்லாவற்றையும் சத்தமாகவே சொன்னேன். இரண்டாம் பாடகரைப் பற்றி இருபது வருடமாக நான் சொல்லிவந்த அதே வசனங்கள் என்பது பாதியில்தான் உறைத்தது. அதற்காக நிறுத்தவில்லை.

அவனுடைய சேட் முதுகோடு ஒட்டிவிட்டிருந்தது.

“அவன் எப்பிடி மிதிச்சவன்? அதச் சொல்லு.”

அன்றைக்கு நான் பார்த்துக்கொண்டிருந்தது பதிகிற மெஷினில் எரியும் சிவப்பு லைற்றை. அவன் எனக்கு முதுகுப் பக்கம் இருந்தான். வானத்தில் சத்தம் வந்தபோது ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அஞ்சாவது பாட்டில ஒரு இடத்தில நிப்பாட்டினவன்,” என்றேன். “அதுதான் தெரியும்.”

“அப்ப அந்த இடம் வரக்குள்ள கையக் காட்டு. நிப்பாட்டுறன்.”

நாலாவது பாட்டு முடிந்தது. அவனுக்கு மூச்சு இளைத்தது, இறங்கச் சொல்லலாம் என்று தோன்றியது, சொல்லவில்லை. ஐந்தாவது தொடங்கியது. பாட்டு அந்த இடத்துக்குக் கிட்ட வந்தது. அவன் கழுத்தைத் திருப்பி என் கையையே பார்த்துக்கொண்டு மிதித்தான். என் கை கதிரைப் பிடியில் கிடந்தது. மேலே பார்த்தேன். வெறும் வானம், தென்னோலை, தூரத்தில் யாரோ ஒருவருடைய பட்டம்.

பாட்டு நிற்காமல் பல்லவிக்குள் போனது.

“ஏன் மச்சான் கையக் காட்டல்ல?”

“உன்ர மிதி சரியில்லை,” என்றேன். “முதலில இருந்து மிதி.”