சாத்தாமல் போன கதவு

ஒரு பெண் வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். கையில் ஒரு பெட்டி. வாசல் கதவைச் சாத்தாமல், விரியத் திறந்துபோட்டுவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறாள். ஏன்? பட்டென்று சொல்லுங்கள் பார்ப்போம். யோசித்துச் சொன்னால் செல்லாது. எங்கள் தெருவில் அதுதான் சட்டம்.

சட்டம் போட்டவர் எதிர்வீட்டுப் பாயம்மா. செஞ்சி கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பாயின் மனைவி. தெருவில் முதன்முதலாக டிவி வந்தது அவர் வீட்டில்தான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மெட்ராசிலிருந்து நாடகம் வரும். வரும் என்பது ஒரு பேச்சுக்குத்தான். ராணிக்கோட்டை மலை குறுக்கே நிற்கிறதே, அதைத் தாண்டி வருவதற்குள் ஆளுக்கு இரண்டு தலை முளைத்திருக்கும், பாதிப் பேச்சு இரைச்சலில் போயிருக்கும். ஆகையால் எங்கள் நைனா மொட்டைமாடியில் நின்று ஆண்டெனாவைத் திருப்புவார். "தெரியுதா?" என்று அங்கிருந்து கத்துவார். "கொஞ்சம் கோட்டப் பக்கம்!" என்று நாங்கள் கீழிருந்து கத்துவோம். இந்த லட்சணத்தில் பார்த்த நாடகத்தில் யார் எதற்காக எதைச் செய்தார்கள் என்று யாருக்குப் புரியும்? அதனால்தான் சட்டம். டிவி பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். பாயம்மா குறுக்கு விசாரணை செய்வார். "அவன் கெட்டவன்னா எதுக்குடி கொழந்தைக்கு மருந்து வாங்கியாந்தான்? காலேஜ்காரி, நீ சொல்லு." நான் அப்போது விழுப்புரத்தில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். நான் சொன்ன காரணங்களைப் பாயம்மா ஒன்றுகூட ஏற்றுக்கொண்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் அக்கா வந்தாள். அவலூர்பேட்டையில் தானிய மண்டி வைத்திருப்பவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். ஒரு நாள் மத்தியானம், மாற்றுப்புடவைகூட இல்லாமல் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து நின்றாள். "சும்மா, பாக்கணும் போல இருந்துது" என்றாள். அம்மா கேட்டாள், நைனா கேட்டார், அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. மாமியார் தொல்லை என்றார்கள் சிலர். புருஷனுக்கு வேறு எவளோ இருக்கிறாள் என்றார்கள் சிலர். அக்கா பாத்திரம் துலக்கினாள், பூக்கட்டினாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வீட்டுக்காரர் அழைத்துப்போக வந்துவிட்டார். சலவைச் சட்டை, இடுப்பில் சலங்கை மாதிரி குலுங்கும் மண்டிச் சாவிக்கொத்து, கையில் மிக்சர் பொட்டலம். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். "எதுவா இருந்தாலும் என்மேலதான் மாமா தப்பு" என்று அவர் சொன்னதும் நைனா உருகிவிட்டார். காலையில் முதல் பஸ்ஸுக்கு அனுப்பிவைப்பதாகச் சொல்லிவிட்டார். அக்கா உள்ளே உட்கார்ந்து, அம்மா கொடுத்த புடவைகளைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"போவாதக்கா. என்னன்னு சொல்லிட்டு இங்கயே இரு" என்றேன்.

"சொன்னா இதெல்லாம் ஒரு காரணமான்னு கேப்பாங்க. அடிச்சானா? இல்ல. சோறு போடலயா? போட்டாரு. அப்பறம் இன்னாடின்னு கேப்பாங்க. போடி."

பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். 

வந்த மாப்பிள்ளையைத் தனியே உட்காரவைக்க முடியாது என்று நாடகத்துக்கு அழைத்துப்போனோம். பாயம்மா வீட்டில் அவருக்கு மட்டும் நாற்காலி. நாங்கள் தரையில். அக்கா கடைசியில், சுவரோரமாக. நைனா வழக்கம்போல மாடிக்குப் போனார். படம் அதிசயமாகத் தெளிவாக இருந்தது. நாடகத்தில் அந்தப் பெண் பெட்டியோடு கிளம்பினாள், கதவு விரியத் திறந்து கிடந்தது. அந்தக் கதவையே காட்டிக்கொண்டிருந்தவன் சட்டென்று 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று அட்டையைப் போட்டுவிட்டான்.

"தெரியுதா?" என்று மேலேயிருந்து நைனா கத்தினார். தடங்கல் மெட்ராசில் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஏனென்றால் பாயம்மா அதற்குள் விசாரணையைத் தொடங்கிவிட்டார்.

"சரி, கதவ ஏன் தொறந்து போட்டுட்டுப் போனா?"

"அவசரம். ஒடம்பு முடியாத அம்மாக்காரியப் பாக்க ஓடுறா" என்றார் சைக்கிள் கடைக்காரர் சம்சாரம்.

"ஒனக்கு எல்லாருமே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடணும்" என்று தள்ளிவிட்டு, பாயம்மா நாற்காலிப் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீங்க சொல்லுங்க."

அறையில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவர் சிரித்தார். "நான் இன்னா சொல்றது? பொம்பளைக்கு வெளில வேற ஒரு நெனப்பு வந்துட்டா, கதவெல்லாம் கண்ணுக்குத் தெரியாதுங்க." மெதுவாக, மரியாதையாகத்தான் சொன்னார்.  பதிலுக்கு ஏதாவது சொல்லலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் சுவரோரத்திலிருந்து குரல் வந்தது.

"அதில்ல பாயம்மா."

அக்காதான். வந்ததிலிருந்து அந்த வீட்டில் அவள் பேசியதே இல்லை.

"அந்த ஊட்ல அவள உள்ள வெச்சு வெளில பூட்டிட்டுப் போவாங்க. காலைல கடைக்குப் போறப்ப பூட்டுனா, சாயந்தரம் வந்துதான் தொறப்பாங்க. தெருவுல கொழாய்த் தண்ணி வர்ற சத்தம் கேக்கும், புடிக்க முடியாது. பக்கத்து ஊட்டுக்காரங்க கூப்புடுவாங்க, ஊட்ல ஆளே இல்லாத மாதிரி இருந்துடணும். ஒரு நாள் பூட்ட மறந்துட்டாங்க. அப்படிப்பட்ட கதவ சாத்திட்டுப் போவ எந்தக் கைக்கு மனசு வரும்?"

"ஏன்டி, நாடகத்துல பூட்டே காட்டலயே?" என்றார் சைக்கிள் கடைக்காரர் சம்சாரம். பாவம், அவர் இன்னும் நாடகத்திலேயே இருந்தார்.

"வெளில இருந்து பாக்கறவங்களுக்கு எப்பிடிக்கா தெரியும்?" என்றாள் அக்கா அவரிடம்.

 பாயம்மாவின் பார்வை நாற்காலியில் இருந்தது. எல்லோர் பார்வையும் அங்கேதான் போனது. அக்கா வீட்டுக்காரரின் கை இடுப்புச் சாவிக்கொத்தை மூடிப் பிடித்திருந்தது. குலுங்கவிடாமல். அவருக்கே அது தெரியவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, மேலேயிருந்து 'தெரியுதா' என்ற சத்தம் அதற்குப் பிறகு வரவே இல்லை. ஆண்டெனா ஒயர் இறங்கும் ஓட்டை வழியாக, டிவி சத்தம் இல்லாவிட்டால், கீழே பேசுவது அப்படியே மாடிக்குக் கேட்கும். டிவியில் அட்டை போய் நாடகம் வந்தது, நைனா திருப்பிப்போட்ட ஆண்டெனாவில் ஒரே புள்ளியாகக் கொதித்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. படியில் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. நைனா வாசலில் நின்றார்.

"பூட்டுனீங்களா மாப்ள?"

"ஊரு கெட்டுக் கெடக்குது மாமா. ஒரு பாதுகாப்புக்குத்தான..."

நைனா எதிர்பார்த்தது 'இல்லை' என்ற ஒரே சொல்லைத்தான் என்று நினைக்கிறேன். அது வரவில்லை. நைனா சொன்னார்: "காலைல முதல் பஸ்ஸுக்கு ஒரு டிக்கெட்டு போதும்."

அதோடு சுபம் என்று நினைக்காதீர்கள். நாலு பெரியவர்கள் வந்தார்கள், "பூட்டுனதெல்லாம் ஒரு குத்தமா?" என்றார்கள். அக்கா சொன்னது அப்படியே பலித்தது. நைனா அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவார். ஆனால் அனுப்பவில்லை. நாடகத்தின் கடைசி வாரம் கரண்ட் போய்விட்டது. பின்னால் மெட்ராசிலிருந்து வந்த சித்திதான் முடிவைச் சொன்னாள். அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் கிடந்த அம்மாவைப் பார்க்க அவசரமாக ஓடினாளாம், அவ்வளவுதானாம். சைக்கிள் கடைக்காரர் சம்சாரம் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பாயம்மா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "கதை எழுதனவனுக்கே தெரியல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அன்றைக்கு நாற்காலிப் பக்கம் திரும்பியது வேண்டுமென்றேதானா என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். "டிவி பாத்தா காரணம் சொல்லணும், மாப்ளன்னா விட்ருவனா?" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது.

அக்கா இப்போது தையல் கிளாசுக்குப் போயிருக்கிறாள். வழக்கம்போல வாசல் கதவைச் சாத்தவில்லை. தெரு நாய் உள்ளே வந்து என் செருப்பின்மேல் படுத்திருக்கிறது.